பத்துக்குப் பத்து வாங்கிய நெசவாளி

நான் எழுதிக் கொடுத்த ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட்டை நாலாக மடித்து என் மேஜைமேல் வைத்தார் பரிமளா.

"இத நீங்களே வச்சிக்கோங்க மேடம். இதால எங்க வீட்டுக்காரு மானமே போச்சு."

வெளியே ஓ.பி.யில் காத்திருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். வெட்கம் பிறகுதான் வந்தது, இன்னும் போகவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு, போன வருஷம் ஓய்வு பெற்றேன். அடிபட்டவரைத் திரும்ப அவருடைய வேலையில் உட்கார வைப்பதுதான் எங்கள் தொழில். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு என் சாமர்த்தியத்தை நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால், இதுதான் முதலில் வந்து நிற்கிறது.

ஒரே தாள்

பரிமளாவின் கணவர் ஏகாம்பரம் பட்டு நெசவாளி. நாற்பத்து நான்கு வயது. செவிலிமேடு பக்கம் நாய் குறுக்கே வந்து, வண்டியோடு விழுந்ததில் தலையில் அடி. சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "மைல்டு கன்கஷன், தானா சரியாயிடும்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். பெரும்பாலும் சரியாகிவிடும். இவருக்கு ஆகவில்லை. இரண்டு மாதம் கழித்தும் தலைவலி, சத்தம் ஆகாது, எண்ண ஆரம்பித்தால் நடுவில் விட்டுப்போகும். ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் பயிற்சி கொடுக்கும் காக்னிட்டிவ் ரீஹாபுக்கு என்னிடம் அனுப்பினார்கள்.

எங்களிடம் ஒரு டெஸ்ட் உண்டு. பத்து வார்த்தைகளைப் படித்துக் காட்டி, இருபது நிமிஷம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வோம். ஒவ்வொரு தடவையும் வேறு வார்த்தைகள் கொடுக்க வேண்டும். இது முதல் வருஷப் பாடம். நான் எப்போதோ ஒரே ஒரு பட்டியலைத் தமிழில் தயார் பண்ணிவிட்டு, அதையே வருஷக்கணக்கில் ஜெராக்ஸ் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனம். வேறு பெயர் இல்லை.

முதல் நாள் நாலு வார்த்தை சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னாப்பா, சொல்லும்போது எங்க பாத்துக்கினு இருந்த? கவனமே இல்லியே உனுக்கு!"

மனைவி பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். கவனம் போய்விட்டது என்றுதான் அந்த மனிதரே வந்திருக்கிறார். கால் உடைந்தவனைப் பார்த்து ஏன் நொண்டுகிறாய் என்று கேட்ட மாதிரிதான் அது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த வாரம் ஏழு. அப்புறம் ஒன்பது. நாலாவது வாரம் பத்துக்குப் பத்து. நான் கிராஃப் போட்டு மீட்டிங்கில் காட்டினேன். கைதட்டினார்கள். "முழு நேர வேலைக்குத் தகுதியானவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

எட்டுத் தறிகளுக்கு நடுவில்

அவர் வேலை பார்த்தது பிள்ளையார்பாளையத்தில், சம்பந்தம் என்பவரின் தறிக்கூடத்தில். எட்டுத் தறிகள், ஒரு ரேடியோ, ஓயாத பேச்சு. முகூர்த்தப் புடவை ஒன்று அவர் தறியில் ஏறியது. ஒரு வரிசைப் புட்டாப் பூவுக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் இத்தனை இழை என்று எண்ணி நெய்ய வேண்டும். கற்றுக்கொள்பவர்கள் அளவுக் குச்சி வைத்துப் பார்ப்பார்கள். ஏகாம்பரம் குச்சியைத் தொட்டதே இல்லை. மனக்கணக்குதான்.

மதியத்துக்கு மேல் தலை மந்தமாகும், எண்ணிக்கை விட்டுப்போகும். யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு குத்துமதிப்பில் நெய்திருக்கிறார். புடவையை விரித்தபோது ஒரு இடத்தில் புட்டா நெருக்கி நின்றது, ஒரு இடத்தில் வெறிச்சென்று கிடந்தது.

சம்பந்தம் எல்லார் எதிரிலும் கேட்டாராம்: "ஊத்திக்கினு வந்து உக்காந்துட்டியா? ஒடம்பு நல்லாக்குதுன்னு ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்துக்கிறாங்க. அப்பறம் இன்னா கேடு?"

குடியை வாழ்க்கையில் தொடாத மனிதர். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது என் காகிதம்.

"எப்படிம்மா? டெஸ்ட்ல பத்துக்குப் பத்து வாங்கினாரே!" என்றேன் பரிமளாவிடம்.

"நீங்க திட்டுனீங்கல்ல மேடம், வீட்டுக்கு வந்து அழுதாரு. நான் பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தேனே, எனுக்குப் பத்தும் ஞாபகம் இருந்துச்சு. நோட்டுல எழுதி வச்சிக்கினு தெனமும் ஒப்பிக்க வச்சேன். இனிமே அந்தம்மாகிட்ட பேச்சு வாங்கக் கூடாதுன்னு படிச்சாரு."

நாலு வாரம் நான் அளந்தது அவருடைய மூளையை அல்ல. என் வாய்க்கு அவர் எவ்வளவு பயந்தார் என்பதைத்தான்.

இங்கிலீஷ் கடிதம்

அவரை வரவழைத்துப் புதுப் பட்டியல் கொடுத்தேன். ஐந்து வார்த்தை சொன்னார். ரேடியோவைப் போட்டுவிட்டு எண்ணச் சொன்னேன். ஐம்பதைத் தாண்டவில்லை.

இதற்கப்புறமாவது நான் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். சம்பந்தத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், இங்கிலீஷில். முந்தைய பரிசோதனை போதுமானதாக இல்லை என்று இருந்தது. யார் செய்த பரிசோதனை என்று இல்லை. என் பெயர் கெடக் கூடாது, அவ்வளவுதான். தறிக்கூடத்தில் யாரோ அரைகுறையாகப் படித்து, மூளைக் கோளாறாம் என்று சொல்லியிருக்கிறார்கள். குடிகாரன் என்பது போய் பைத்தியம் என்று ஆயிற்று.

அது என் காதுக்கும் வந்தது. மறுநாள் காலை, ஏகாம்பரத்தையும் பரிமளாவையும் அழைத்துக்கொண்டு தறிக்கூடத்துக்கே போனேன். ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன.

"இவரு குடிக்கல. இவருக்குப் பைத்தியமும் இல்ல. தலையில பட்ட அடி இன்னும் ஆறல. ஆறிடுச்சுன்னு தப்பா எழுதுனது நான். சரியா டெஸ்ட் பண்ணாம எழுதிட்டேன். தப்பு என்னுது."

சம்பந்தம் எழுந்து வந்தார்.

"சரி, வுடும்மா. நாளைலருந்து வேலைக்கு வரச் சொல்லு."

அரை நாள் போதும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் ஏகாம்பரம் முந்திக்கொண்டார். என்னோடு பழகிய அத்தனை வாரத்தில் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

"நாளைக்கு வேணாம் மொதலாளி. எப்போ வரமுடியும்னு இந்த வாட்டி நான் சொல்றேன். மேடம் சொல்ல வேணாம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்கப்புறமும் அவர் சிகிச்சைக்கு வந்தார், அது அவருடைய பெருந்தன்மை. அரை மணிக்கு ஒருமுறை ஓய்வு, சத்தத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவது என்று போனது. அளவுக் குச்சியை மட்டும் தொடவே மாட்டேன் என்றார். பிறகு அவராகவே ஒன்று செதுக்கிக்கொண்டு வந்தார். ஏழாவது வாரம், "காலைல மட்டும் போய்ப் பாக்கறேன்" என்றார். அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிள்ளைகளே, டெஸ்ட் தாளைப் புதுசு புதுசாக மாற்றுங்கள், அது உங்கள் கடமை. ஆனால் தாளை எடுப்பதற்கு முன்னால், "உங்களால முடியுதா?" என்று எதிரில் இருப்பவரிடம் கேளுங்கள். நான் முதல் சர்ட்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு, ஏகாம்பரம் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். நான் கேட்கவே இல்லை.