கட்டிக்கொடுத்த ஊர்களுக்குப் பஸ் ஏறிய வக்கீல்

அன்று காலை எனக்கும் வக்கீல் சவரிமுத்துவுக்கும் ஒரே வழக்கு. கோர்ட்டில் டவாலி கூப்பிட்டதும் நான் எழுந்து நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீலின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சவரிமுத்து நேரத்துக்கு வந்த நாளைத் தர்மபுரி வக்கீல்கள் எல்லோரும் கூடி யோசித்தாலும் சொல்ல முடியாது. இன்றைக்கு இவரைப் பற்றி நீதிபதியிடம் நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டியதுதான் என்று மனதுக்குள் வாசகம் கோத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவருடைய குமாஸ்தா உள்ளே வந்து, என் பக்கத்தில் குனிந்து, "அய்யா போயிட்டாருங்க. காப்பி குடிச்சிட்டு ஒக்காந்தவரு, அப்படியே" என்றார். நீதிபதி இரண்டு முறை கேட்ட பிறகுதான் நான் எதற்காக எழுந்து நிற்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது. விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடக்கத்துக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மாதா கோவில் வாசலில் ஒவ்வொரு பஸ்ஸாக வந்து நிற்க, அதிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். நடுத்தர வயதுக்காரர்கள், கிழவிகள், நெற்றியில் திருநீறு பூசியவர்கள், தலையில் முக்காடு போட்டவர்கள். எல்லோரும் "எங்கண்ணன் போயிட்டாரே" என்றுதான் அழுதார்கள். பங்குச் சாமியாருக்கே குழப்பம். "இவருக்கு ஒரு தங்கச்சிதானே?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆமாம், கம்பைநல்லூரில் வாழ்க்கைப்பட்ட தெரேசாம்மாள் ஒருத்திதான் கூடப் பிறந்தவள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அவளுக்கு நிற்க இடம் கிடைத்ததே பெரிய காரியம். மற்றவர்கள் எல்லோரும் சவரிமுத்து தொழில்முறையில் சம்பாதித்த தங்கைகள். அந்தத் தொழில்முறையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

நிலம், வீடு வழக்கென்றால் நாம் என்ன செய்வோம்? வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், கிராமத்துக் கணக்கப்பிள்ளையைப் பிடிப்போம், ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரைச் சாட்சிக்குத் தயார் செய்வோம். சவரிமுத்துவும் இவை எல்லாவற்றையும் செய்வார். ஆனால் அதற்கு முன்னால் கட்சிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பார். "இந்த வூட்டுல பொறந்து வெளியூருக்குக் கட்டிக்குடுத்த பொண்ணுங்க யாரு, எந்த ஊருல இருக்காங்க?" பதில் வந்ததும் குடையையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஒரு வீடு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை அந்த வீட்டிலிருந்து பல மைல் தள்ளி, வேறொரு வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்வார்.

நான் அவரைக் கேலி செய்யாத நாளில்லை. சட்டப் புத்தகத்தில் இது எந்தப் பிரிவு என்று கேட்பேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஊருல இருக்கறவனுக்கு வருசா வருசம் வேலி நகருதுங்க. அதோட அவன் ஞாபகமும் நகருது. கட்டிக்குடுத்துப் போனவ, போன அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிருப்பா" என்பார். அதற்காக அவர்கள் சொன்னதை அப்படியே நம்புகிறவரும் இல்லை. "அப்பன் வூட்டுக் கெணறு மட்டும் அவங்களுக்கு வருசத்துக்கு வருசம் அகலமாயிட்டே போகும். பாதியாக் கொறைச்சுக்கிட்டா சரியா இருக்கும்" என்று சிரிப்பார்.

ஒரு முறை நானும் கூடப் போய்ப் பார்த்தேன். மாரண்டஹள்ளிப் பக்கம், கன்னடம் பேசும் குடும்பத்தில் மருமகளாகப் போன ஒரு பெண்ணைப் பார்க்க. மருமகளுடைய பிறந்த வீட்டு நிலத்தைப் பற்றிக் கேட்க வக்கீல் வந்திருக்கிறார் என்றதும் அந்த வீடே பரபரத்துவிட்டது. பெண்ணுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்து அதிகக் காலம் ஆகவில்லை. பங்கு வாங்கித்தர வந்திருக்கிறார் என்றே மாமனார் முடிவு செய்துவிட்டார். "ஊட்டா மாடி, ஆமேலே மாத்தாடோணா" என்றார். முதலில் சாப்பாடு, பிறகுதான் பேச்சு. சாப்பாடென்றால் கோழிக் குழம்பும் களியும். விருந்து முடிந்த பிறகுதான் சவரிமுத்து நிதானமாக உண்மையைச் சொன்னார். மாமனார் முகம் விழுந்துவிட்டது. "சோறு போடறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன் திரும்பும்போது. "சொல்லியிருந்தா போட்டிருப்பாங்களா?" என்றார். மனிதர் சாப்பாட்டில் சமரசம் செய்துகொள்ளாதவர்.

இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. வக்கீல் வந்துபோன செய்தி எப்படியும் பிறந்த வீட்டுக்கு எட்டிவிடும். தங்கை பங்கு கேட்கப் போகிறாள் என்று அண்ணன் தம்பிகள் அரண்டுபோய், பல வருஷமாக மறந்திருந்த பொங்கல் சீரை அந்த வருஷம் மறக்காமல் கொண்டுவந்து இறக்குவார்கள். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, புடவை எல்லாம் வரும். அந்தப் பெண்கள் சவரிமுத்துவைக் கண்டால், "அண்ணா, அடுத்த வருசமும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்பார்கள். சும்மா சொல்லவில்லை, மெய்யாகவே சொன்னார்கள். அவரும் அந்தப் பக்கம் வழக்கு இல்லாவிட்டாலும் போய்வந்தார். அடக்கத்துக்குப் பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் இவர்கள்தான்.

இனிச் சின்னப்பன் கொட்டாய் வழக்குக்கு வருகிறேன். தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளுமாக ஒரு சின்ன வரிசை, அதை ஒட்டிக் கொஞ்சம் புஞ்சை. சின்னப்பன் என்ற கத்தோலிக்கர் அங்கே முதலில் குடியேறியதால் அந்தப் பெயர். அவருடைய மருமகள் ஆரோக்கியம்மாள், கணவனை இழந்தவள், கூலிக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்த நிலமெல்லாம் பெரியண்ணனுடையது. அவர் மாந்தோப்பு வைக்க நினைத்தார். பண்ணையத்துக்கு வந்தவர்களை அப்பா இரக்கப்பட்டு இருக்க விட்டார், இப்போது இடம் வேண்டும், காலி செய்யட்டும் என்று வழக்குப் போட்டார். அவருக்கு வக்கீல் நான். ஆரோக்கியம்மாளுக்குச் சவரிமுத்து.

பெரியண்ணன் பொய் சொல்கிறவர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பட்டா அவருடைய அப்பா பெயரில் இருந்தது, வரியும் அவர்களே கட்டிவந்தார்கள். ஆரோக்கியம்மாளிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. "எங்க மாமனாரு வெலைக்கு வாங்குன எடமுங்க" என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல எதுவும் இல்லை. சின்ன விலைக்குக் கைமாறிய நிலத்துக்கு அந்தக் காலத்தில் பத்திரம் கட்டாயமில்லை, உண்மைதான். ஆனால் விற்றதற்குச் சாட்சி வேண்டுமே. ஊரில் வயதானவர்கள் எல்லோரும் பெரியண்ணன் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழக்கு என் கையில் இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு சவரிமுத்து என் வீட்டுக்கு வந்தார். "பென்னாகரம் போயிட்டு வந்தேனுங்க" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெரியண்ணனின் அக்கா மாதம்மாளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளுடைய கல்யாணச் செலவுக்காகத்தான் அப்பா அந்த இடத்தைச் சின்னப்பனுக்கு விற்றார். அப்போது பெரியண்ணன் இடுப்பில் தூக்கி வைத்திருந்த குழந்தை. பிற்பாடு அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. மகள் கல்யாணத்துக்கு மண்ணை விற்றோம் என்று வெளியே சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம்.

"அப்புறமென்ன, கூண்டுல ஏத்துங்க. உங்களுக்கு ஜெயம்தான்" என்றேன், எரிச்சலோடு.

"ஏத்தமாட்டேனுங்க."

"ஏன்?"

"தம்பிக்கு எதிரா அந்தம்மா சாட்சி சொன்னா, இந்தம்மாளுக்கு வூடு மிஞ்சும். அந்தம்மாளுக்குப் பொறந்த வூடு போயிடும். பொறந்த வூடுங்கறது பொண்ணுங்களுக்குப் பட்டா இல்லாத சொத்துங்க. ஒண்ணைக் காப்பாத்த இன்னொண்ணை நான் ஏலம் விடமாட்டேன்."

"அப்ப உங்க கட்சிக்காரி தெருவுல நிக்கட்டுமா?"

ஆரோக்கியம்மாள் தன் சின்ன மகனோடு சவரிமுத்துவின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, "எங்களை எடத்தை விட்டு எழுப்பிடுவாங்களாங்க?" என்று வாரா வாரம் கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். சவரிமுத்து சொன்னார்: "பொங்கல் வருது. ஒரு வாய்தா வாங்கிக்குவோம். இந்த வருசம் அக்காவுக்குச் சீரைப் பெரியண்ணனே கொண்டுபோகட்டும். நீங்களும் கூடப் போங்க. அது போதும்."

அதுவரை பெரியண்ணன் சீர் அனுப்பத் தவறியதில்லை. ஆனால் பண்ணையாளிடம் கொடுத்தனுப்புவார். தோட்டம், தண்ணீர் பாய்ச்சல், சந்தை என்று அவருக்கு ஆயிரம் வேலை. இந்த யோசனையை நான் சொன்னபோது, "சவரிமுத்து என்னமோ தந்திரம் பண்றாருங்க" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் போனோம்.

மாதம்மாள் தம்பியை வாசலில் கண்டதும் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். இலை போட்டுப் பொங்கலும் மொச்சைக் குழம்பும் பரிமாறினாள். சீர்த் தட்டை மட்டும் தொடவில்லை. அது வைத்த இடத்திலேயே இருந்தது. தம்பி கை கழுவிய பிறகு கேட்டாள்.

"சின்னப்பன் கொட்டாயில எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

பெரியண்ணன் என்னைப் பார்த்தார். நான் வெளியே நின்ற கரும்பைப் பார்த்தேன்.

"அந்த எடத்தை வித்துத்தான் தம்பி அப்பா எனக்குக் கல்யாணம் பண்ணாரு. என் பந்தல்ல ஊரு சனம் தின்ன சோறு அந்த மண்ணு. அவங்களை எழுப்பிட்டு, அந்தக் கையோட எனக்குச் சீர் கொண்டாந்தா நான் எப்படி வாங்குவேன்?"

"எனக்கு யாருமே சொல்லலையே அக்கா."

"நீ எப்ப வந்து கேட்ட? சீர் கொண்டாந்த ஆளுகிட்டயா இதைச் சொல்லுவேன்?"

பெரியண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்புக்காரர், அழுகையை அடக்கத் தெரியவில்லை. கடைசியில் தட்டை எடுத்து அக்கா கையில் வைத்து, "எழுப்பமாட்டேன். வாங்கிக்க" என்றார். அவள் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாய்தாவில் வழக்கை வாபஸ் வாங்கினோம். ஆரோக்கியம்மாள் பெயருக்குப் பத்திரம் எழுதினோம். பத்திர ஆபீசுக்கு மாதம்மாளும் வந்திருந்தாள், தம்பியோடு ஒரே மாட்டுவண்டியில். சாட்சிக்கு அவளே கைநாட்டு வைத்தாள். கூண்டில் ஏறாமல் சாட்சி சொல்லிவிட்டாள் என்று சவரிமுத்துவிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னை ஓட்டலுக்கு அழைத்துப் போய்த் தானே இரண்டு பங்கு சாப்பிட்டார். என் தொழிலில் நான் ஜெயித்ததாகவும் தோற்றதாகவும் எழுத முடியாத வழக்கு அது ஒன்றுதான். மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதையை அவர் இருக்கும்போது சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவர் வீட்டு விஷயம். உங்களுக்குச் சிரிப்பு வரும். ஊரார் வீடுகளின் பூர்வீகத்தை எல்லாம் தேடித் திரிந்தவர், தான் குடியிருந்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்றவே இல்லை. அது இன்னும் அவருடைய அப்பா பெயரில்தான் இருக்கிறது. சேலத்தில் வேலை பார்க்கும் மகன் ஞானம், முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் என்னிடம் வந்தான். "அப்பா எதையும் பாக்காம விட்டுட்டாருங்க. நீங்கதான் என் பேருக்கு மாத்திக் குடுக்கோணும்" என்றான். யோசிக்கும்முன்பே என் வாயில் சவரிமுத்துவின் கேள்வி வந்துவிட்டது. "அத்தை கம்பைநல்லூருலதானே?"

"அத்தை எதுக்குங்க? அவங்க ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"அதனாலதான் போகோணும்" என்றேன். அவனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தெரேசாம்மாள் எங்களைக் கண்டதும் அழுதாள், பிறகு சோறு போட்டாள். வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் அண்ணன் மகனைப் பார்த்து, "எங்கண்ணன் மறந்துபோயி விடலடா கண்ணு" என்றாள். "வருசா வருசம் கிறிஸ்மசுக்குப் பொடவை எடுத்துக்கிட்டு வருவாரு. வந்து ஒக்காந்ததும் மொதல்ல வூட்டுக் கணக்குத்தான் சொல்லுவாரு. தெரேசா, உன் வூட்டுக்கு ஓடு மாத்திட்டேன். உன் வூட்டுத் தெக்குச் சுவரு ஓதம் அடிக்குது, இந்த வருசம் பூசிடறேன். உன் வூட்டு முருங்கை காத்துல சாஞ்சுபோச்சு. இப்படித்தான் பேசுவாரு. ஒரு நாளும் என் வூடுன்னு சொன்னதில்ல."

ஞானம் கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேனுங்க" என்றாள் தெரேசாம்மாள் என்னிடம். "எனக்கு எதுக்கு வூடு? ஆனா வருசத்துக்கு ஒருக்கா யாராச்சும் வந்து, அது எப்படி இருக்குதுன்னு சொல்லிட்டுப் போகோணும்."

சவரிமுத்துவின் புத்தகங்கள் நூலகத்துக்குப் போய்விட்டன. குடையை ஞானம் வைத்துக்கொண்டான். எனக்குக் கிடைத்தது இந்த வேலைதான். ஞானம் போவான், போனால் நல்லது. அவனுக்கு நேரம் ஒழியாத வருஷம் நான் போவேன். கிறிஸ்மசுக்கு முந்தின நாள், ஒரு புடவையோடு கம்பைநல்லூர்ப் பஸ்ஸில் என்னைப் பார்த்தால் எங்கே போகிறேன் என்று கேட்காதீர்கள். ஒரு பெண்ணிடம், அவள் வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்லப் போய்க்கொண்டிருப்பேன்.