கூடப் போகிறவள்

தென்காசியில் உமாராணி படிக்கும் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள்காரி மட்டும் கலர் உடுப்பில் வரலாம். வகுப்பில் சாக்லேட் கொடுத்து முடித்ததும், ஒரே ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு மற்ற மிஸ்களுக்கும் பிரின்சிபாலுக்கும் கொடுக்கப் போவாள். கூடப் போகிறவள்தான் உயிர்த்தோழி. இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஏழாம் வகுப்பு முழுக்கத் தெரியும்.

இன்று சனோபருக்குப் பிறந்தநாள். தமிழ் மீடியத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த நாள் முதல் உமாராணி உட்காருவது சனோபர் பக்கத்தில்தான். போன வாரம் அதே வகுப்பு மாடத்தி தன் பிறந்தநாளுக்குச் சாக்லேட் கொடுக்கக் கூட வரச்சொல்லிக் கூப்பிட்டபோதுகூட, "சனோபர் கோவிச்சுக்குவாட்டி" என்று வர மறுத்துவிட்டாள். மாடத்தி தனியாகத்தான் போய்வந்தாள். காலையில் குற்றால சீசன் கூட்டத்தில் வேன் மாட்டிக்கொண்டபோது, எங்கே தான் போய்ச் சேருமுன் சாக்லேட் கொடுத்து முடித்துவிடுவார்களோ என்று உமாராணி ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தாள்.

நல்லவேளை, கொடுத்து முடியவில்லை. மயில்நீலச் சுடிதாரில் சனோபர் பெஞ்ச் பெஞ்சாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

"கூட யாரு போறா?" என்று மிஸ் கேட்டார்.

உமாராணி பாதி எழுந்துவிட்டாள்.

"ஜெயசித்ரா, மிஸ்" என்றாள் சனோபர்.

"ஏட்டி, உக்காரு. போர்டு மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

சனோபர் குனிந்து காதோடு சொன்னாள். "கோவிக்காதட்டி. பிரின்சிபால் மேடம் இங்கிலீஷ்லயே கேப்பாங்க. நீ பேந்தப் பேந்த முழிப்ப. எனக்குல்லா அசிங்கம்."

சனோபரின் தமிழ்க் கட்டுரை ஒவ்வொன்றும் உமாராணி சொல்லச் சொல்ல எழுதியது.

போனவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். "மேடம் லீவாம். ஆயாகிட்ட குடுத்துட்டு வந்துட்டோம்" என்றாள் ஜெயசித்ரா.

சனோபர் உமாராணியின் கையில் சாக்லேட்டைத் திணித்தாள். "எல்லாருக்கும் ஒண்ணு, உனக்கு மட்டும் ரெண்டு. உன் பர்த்டேக்கு என்னையத்தான கூட்டிட்டுப் போவ?"

உமாராணி பிறந்தது மே மாதம். அன்றைக்குப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். இவள் ஒரு நாளும் கலர் உடுப்பில் வந்ததே இல்லை என்பது சனோபருக்குத் தெரியவே இல்லை.

"ஆமா" என்றாள் உமாராணி.

கணக்கு மிஸ் உள்ளே வந்தார். உமாராணி எழுந்து நின்று "குட்மார்னிங் மிஸ்" சொன்னாள், எல்லோரையும்விடச் சத்தமாக.