புத்தகத்தில் பெயர் இல்லாதவள்

பெண்பிள்ளைகள் போர்டிங்கில் மேட்ரன் வேலை என்றால் சோறு போடுவதும் பேன் பார்ப்பதும்தான் என்று வெளியே நினைக்கிறார்கள். யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதுதான் அந்த வேலை என்று, அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாளையங்கோட்டையில் நான் இருந்த போர்டிங்கில் மாதத்தின் முதல் சனிக்கிழமை பிள்ளைகளைப் பார்க்கிற நாள். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவர் பெயர் ஒரு புத்தகத்தில் இருக்கும். அவர் மட்டும் பார்க்கலாம். என்னைப் போல வாசலில் நின்றவர்கள் அடுத்து வருவதை ஊகித்திருப்பீர்கள்.

கொழும்பில் இருந்த தகப்பன்

நான் சேர்ந்த முதல் மாதம். ஒரு பிள்ளையின் சித்தி, தகப்பனுக்கு இரண்டாம் தாரம், திருச்செந்தூர்ப் பக்கமிருந்து வண்டியில் வந்தாள். கையில் ஓலைப்பெட்டி நிறையப் பணியாரம். புத்தகத்தில் இருந்ததோ தகப்பன் பெயர். அவர் கொழும்பில் கடை வைத்திருந்தார். நான் விதியைச் சொல்லி, பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை.

"பணியாரம் உள்ள போலாம், நான் போகக் கூடாதாக்கும்?" என்றாள்.

பெரியப்பா

கிருபைக்கு ஆறு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே தாயும் தகப்பனும் வாந்திபேதியில் போய்விட்டார்கள். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் அவர்களுக்கு அடுத்த வீடு இசக்கியம்மாளுடையது. தன் பிள்ளையைப் பறிகொடுத்திருந்த அவள்தான் இவளுக்குப் பால் கொடுத்து வளர்த்தாள். அதுவரை எட்டிப் பார்க்காத பெரியப்பா திடீரென்று வந்து, கிறிஸ்தவப் பிள்ளை அந்த வீட்டில் வளரக் கூடாது என்று சொல்லி, அவளை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். கையெழுத்து அவருடையது.

முதல் சனிக்கிழமை அவர் வந்ததும் நாற்காலி போட்டு, கிருபையைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினேன். கால்மணி நேரம் அவர் வாசலையும் அவள் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனதும் அவள் என்னிடம் கேட்டாள்: "அக்கா, அவுகளத்தான் பாத்தாச்சே, இனி எங்க அம்மையப் பாக்கலாமா?"

உள்வரிசை

அடுத்த மாதம் இசக்கியம்மாள் நடந்தே வந்தாள். புத்தகத்தில் பெயர் இல்லை, அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் இப்படி. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பிள்ளைகளை இரட்டை வரிசையில் கோயிலுக்குக் கூட்டிப்போகிற சாலை ஓரத்தில் வந்து நின்றாள். ஒரு நாள் கிருபை பார்த்துவிட்டாள். வரிசையை விட்டு ஓடிப் போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன்.

இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள் என்று போர்டிங்கை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை. சாலை ஓரத்து வரிசையில் உயரமான பிள்ளைகளை நிறுத்தி, கிருபையை உள்வரிசையில் மறைத்துக் கூட்டிப்போவது என்பது என் சொந்த யோசனை. இசக்கியம்மாள் மூன்று ஞாயிறு நின்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள். நான் நேரே பார்த்துக்கொண்டு நடந்தேன். அப்புறம் அவள் வரவில்லை.

எங்கள் சமையல்காரி ராகேல் அரிசி புடைத்துக்கொண்டே பைய சொன்னாள்: "நல்ல யோசனைதான் மேட்ரனம்மா. உங்களுக்குப் பிள்ள கெடையாதுல்லா?"

கடிதம்

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை இசக்கியம்மாள் வந்தாள், கையில் பெரியப்பா எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதத்தோடு. அதற்காக ஒரு பூ முழுக்க, நடவு முதல் அறுப்பு வரை, அவர் வயலில் கூலியில்லாமல் வேலை செய்திருக்கிறாள். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மறுக்க ஒன்றும் இல்லை. நாற்காலி போட்டேன், அவள் தரையில் உட்கார்ந்தாள்.

கிருபை வந்தாள். கைகூப்பி ஸ்தோத்திரம் சொன்னாள். "நீங்க சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டாள். வருகிறவர்களிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று நாங்கள் சொல்லிக் கொடுத்திருந்தோம். அவள் தலையைத் தடவ நீட்டிய கையை இசக்கியம்மாள் பாதியில் மடக்கிக்கொண்டாள். அதிக நேரம் இருக்கவில்லை. வாசலில் நின்று என்னிடம் சொன்னாள், குத்தலாகக்கூட இல்லை:

"நல்லா வளத்திருக்கீகம்மா. என்னயப் பாத்து 'நீங்க'ன்னு சொல்லுதா."

நான் வேலையை விட்டபோது, பதினோரு வருடத்தில் விதி தவறி ஒருவரைக்கூட உள்ளே விடாதவள் என்று நற்சான்று எழுதிக் கொடுத்தார்கள்; அதை இதுவரை யாரிடமும் காட்டத் துணிந்ததில்லை.