மூக்குக்காரி விழுங்கமாட்டாள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. ஆலையிலும் தெருவிலும் அவள் மூக்குக்காரி. மூக்கு ஒன்றும் எடுப்பான மூக்கு இல்லை, சப்பை மூக்கு. ஆனால் பக்கத்து வீட்டு அடுப்பில் பால் அடிப்பிடிக்க நினைத்தால் போதும், "அக்கா, அடுப்பைக் குறைங்க" என்று இந்த வீட்டிலிருந்து குரல் போகும். அவள் புருஷன் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சோப்பு மாத்திட்டியா? பழசே நல்லாருந்துச்சு" என்பாள். பொய் சொல்லிக் குப்பை கொட்ட முடியாத வீடு அது.

பீர் ஆலையில் பாட்டில் கழுவத்தான் அவளைச் சேர்த்தார்கள். ஒரு நாள் கையில் நுரையோடு நிமிர்ந்து, "மூணாம் தொட்டியில ஈரத்துணி நாறுது" என்றாள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மூடியிருந்த தொட்டி அது, ஆள் உயரத்துக்கு மேல். திறந்து வடித்துப் பார்த்தால், துடைக்கப் போனவன் மறந்து விட்ட துணி அடியில் ஊறிக் கிடந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். காய்ச்சுகிற வேலைக்கெல்லாம் தலைவரான பெரிய மாஸ்டர், அன்றைக்கே அவளை ருசி அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

ருசி அறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு நாற்காலி, நடுவில் பலகைத் தடுப்பு, மேலே மங்கலான சிவப்பு விளக்கு. காய்ச்சிய ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் பிடித்து, கறுப்புக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மூடி போட்டு வைப்பார்கள். நிறம் கண்ணில் படக்கூடாது. எந்தத் தொட்டி என்றும் தெரியக்கூடாது. குவளையில் ஒரு எண் மட்டும் இருக்கும். நாலு பேரும் முகர்ந்து, குடித்து, மதிப்பெண் எழுதுவார்கள். எல்லாரும் எழுதி முடிக்கும் வரை யாரும் வாயைத் திறந்து பேசக்கூடாது. ஒரு நாற்காலி பெரிய மாஸ்டருக்கு. இன்னொன்று தடிமனான கண்ணாடி போட்ட சோடாபுட்டிக்கு. மூன்றாவது, தொண்டையில் எப்போதும் மணல் அரைபடுகிற கரகரப்புக்கு. நாலாவது ஒன்பது வருஷமாக மூக்குக்காரிக்கு. பாட்டில் கழுவ வந்தவளுக்குக் கிடைத்த நாற்காலி. அதை அவள் சாமான்யத்தில் விடுவாளா?

அப்புறம்தான் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, அடைமழை மாதிரி அழுகிற பிள்ளை.

பிரசவ விடுப்பு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது மாமியார் ஒரு கறுப்பு பீர் பாட்டிலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்தா, இதைக் குடி. கறுப்பு பீர் குடிச்சா பால் குடம்குடமா ஊறும்."

"யார் சொன்னது அத்தை?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"நான் அதைக் காய்ச்சுற இடத்துலயே இருக்கேன். என்கிட்ட யாரும் சொல்லலையே?"

"நீ வேலைக்குக் குடிக்கிறவ. இது மருந்துக்கு."

"பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?"

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் பீர் ருசி பார்க்கிறவள் வீட்டில் ஒரு வாய் குடிக்க மாட்டேன் என்கிறாளே என்று தெருவில் நின்று நியாயம் கேட்டாள். தெருவும் சிரித்தது. பாட்டில் வீணாகப் போகக்கூடாது என்று அன்று மத்தியானம் அவளே குடித்தாள். பால் ஊறவில்லை, தூக்கம்தான் ஊறியது. பிள்ளை கத்துகிற கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, மாமியார் கண் திறக்கவில்லை. அதற்குப் பிறகு கறுப்பு பீரைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே இல்லை.

ஆனாலும் மூக்குக்காரிக்கு ஒரு சந்தேகம் உறுத்தியது. வேலைக்குப் போனால் தினமும் பத்துக் குவளை. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் என்றாலும் சேர்த்தால் ஒரு கிளாஸ் ஆகிவிடும். தடுப்பூசிக்குப் போனபோது நர்சம்மாவிடம் கேட்டாள்.

"தாய் ரத்தத்துல எவ்வளவு ஏறுதோ, அவ்வளவு பால்லயும் ஏறும்" என்றாள் நர்சம்மா. "ரத்தத்துல இறங்கினாத்தான் பால்லயும் இறங்கும். ஒரு கிளாசுக்கு ரெண்டு மணி நேரமாவது பொறுக்கணும்."

"கறந்து கொட்டிட்டா?"

"கறந்தாலும் போகாது. நேரம் போனாத்தான் போகும். பால் கூடும்னு சொல்றதும் சும்மா, குறையத்தான் செய்யும். குடிக்காம இருந்துட்டா இந்தக் கணக்கே வேண்டாம்."

"வாயில வச்சுத் துப்பிட்டா?"

நர்சம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "என்ன வேலைம்மா பார்க்குறே நீ?" மூக்குக்காரி சொன்னதும் சிரித்துவிட்டு, "துப்பி வாயைக் கொப்பளிச்சா உள்ள போறது தூசு அளவுதான்" என்றாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, "இனிமே நான் முகர்ந்து, வாயில வச்சு, துப்பிடுவேன். பிள்ளை பால் மறக்கிற வரைக்கும் விழுங்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

பெரிய மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "துப்புறதெல்லாம் ஒயின்காரன் வேலை! பீரோட கசப்பு நாக்குலயா இருக்கு? தொண்டையில இருக்கு. தொண்டைக்குள்ள இறங்கினாத்தான் அது தன் கதையைச் சொல்லும். விழுங்காதவங்களுக்கு பீர் தெரியாது."

"பத்து மணிக்கு விழுங்கிட்டுச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்தா ஆச்சு" என்றான் கரகரப்பு.

"என் மார் பொறுக்காது அண்ணே. இங்கேயே கறந்து வைக்கணும். பன்னிரண்டு மணிக்கு எங்க அத்தை வாசல்ல வந்து வாங்கிட்டுப் போவாங்க. அதுல பீர் கலந்திருந்தா நீங்க வந்து பிள்ளையைத் தாலாட்டுவீங்களா?"

முடிவில் மாஸ்டர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அவள் துப்பியே எழுதட்டும். மற்ற மூன்று பேரோடு ஒத்துப்போனால் நாற்காலி அவளுக்கு. இல்லையென்றால் லேபிள் ஒட்டுகிற பிரிவு. அங்கே எல்லாம் பசை நாற்றம். அவளுடைய மூக்குக்கு அது ஜெயில்தான்.

நாலு நாள் ஓடியது. மூன்று நாள் ஒத்துப்போனது. புதன்கிழமை மட்டும் ஒரு குவளையின் கசப்புக்கு மற்றவர்கள் ஐந்து போட, அவள் மூன்று போட்டிருந்தாள். "தொண்டை, தொண்டை" என்று மாஸ்டர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். கடைசி நாளில் தேறினால்தான் உண்டு.

இதற்கு நடுவில் பாலை எங்கே வைப்பது என்பது ஒரு பாடு. கேன்டீன் ஃப்ரிட்ஜில் யாரோ மீனைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வாடைக்குப் பக்கத்தில் பிள்ளை பாலை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ருசி அறையின் ஃப்ரிட்ஜ்தான் ஆலையிலேயே சுத்தம். ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. எண் ஒட்டாத எதுவும் உள்ளே போகக்கூடாது. சட்டத்தை மீறுகிற ஆளா இவள்? முதல் நாளே, ருசி பார்க்க பீர் பிடித்து வைக்கிற பாட்டிலில் புதிதாக ஒன்றை எடுத்துக் கொதிக்க வைத்து, பாலை ஊற்றி, பிரசவ ஆஸ்பத்திரியில் தான் படுத்திருந்த கட்டிலின் எண்ணை, நூற்றுப் பன்னிரண்டை, ஒட்டி, கீழ்த்தட்டில் ஓர் ஓரமாக வைத்தாள். நாலு நாள் ஒரு தொந்தரவும் இல்லை.

கடைசி நாளான ஐந்தாம் நாள், குவளையில் ஊற்றுகிற அம்மாளுக்குச் சளி. மூக்கு இரண்டும் அடைத்துக் கிடந்தது. அதனால் ஊற்றுகிற வேலை தாமதமாக, அதற்குள் மூக்குக்காரி பாலைக் கறந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். அவள் கீழ்த்தட்டைத் துடைக்கப் பாட்டிலை மேல்தட்டுக்கு ஏற்றினாள். மேல்தட்டில் இருப்பதெல்லாம் ஊற்ற வேண்டியவை. அவளும் சட்டத்தை மீறாதவள். எண் இருந்தது, ஊற்றினாள். வெள்ளையாக இருக்கிறதே என்று யோசித்தாளாம். ஆனால் அந்த வாரம் ஆலை முழுக்க ஒரே பேச்சு, முதலாளியின் மருமகன் சாராயம் கலக்காத சத்துப் பானம் ஒன்று கொண்டுவரப் போகிறார் என்று. அதுவாகத்தான் இருக்கும், நமக்கெதற்கு வம்பு என்று மூடியைப் போட்டுவிட்டாள்.

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஆறு குவளை ஒழுங்காகப் போயிற்று. ஏழாவதை மூக்குக்காரி கண்ணை மூடிக்கொண்டு திறந்து முகர்ந்தாள். முகர்ந்தவளுக்குச் சட்டைக்குள் பால் சுரந்துவிட்டது. கண்ணைத் திறந்து எண்ணைப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு.

அடப்பாவிகளா!

தலையை நீட்டித் தடுப்புக்கு அப்பால் பார்த்தாள். மாஸ்டர் ஒரு வாய் எடுத்து, கண்ணை மேலே செருகி, வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார். அவள் இருமினாள். சோடாபுட்டி கண்ணாடிக்கு மேலாக முறைத்தான். அவள் கையை ஆட்டினாள். கரகரப்பு உதட்டில் விரலை வைத்து, சட்டம் என்று காட்டினான். மாஸ்டரின் தொண்டைமணி மேலே போய்க் கீழே இறங்கியது. விழுங்கிவிட்டார். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் தன் தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்தாள்.

எழுதி முடித்து வாசிக்கிற நேரம் வந்தது. சோடாபுட்டி தொண்டையைச் செருமினான். "புதுமையான பானம். வயசானவங்களுக்கும் ஏத்தது. எட்டு." அவனுக்கு மருமகன் பேச்சு எட்டியிருந்தது. கரகரப்பு, "இதமா இருக்கு, என் தொண்டையே இளகிடுச்சு. எட்டரை" என்றான். மாஸ்டர் விடுவாரா? "மென்மையான இனிப்பு. நல்ல கனம். கடைசியில தொண்டையில லேசா ஒரு கசப்பு நின்னு பேசுது, அதான் அழகு. கசப்புக்கு நாலு. மொத்தம் ஒன்பது." எழுதியதைத் தானே ரசித்துவிட்டு, "நீ என்னம்மா எழுதியிருக்கே?" என்றார்.

அவள் தாளைத் திருப்பினாள். "இது பீர் இல்லை. என் பிள்ளையின் பால். யாரும் விழுங்க வேண்டாம்."

கரகரப்பு மெதுவாகத் தன் குவளையை மூடியால் மூடினான், ஏதோ மரியாதை செய்கிற மாதிரி. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை.

மாஸ்டர்தான் முதலில் தேறினார். "உன்னுதுங்கறதால உனக்குத் தெரிஞ்சது. இது சேர்த்தியில்லை."

"சரி மாஸ்டர், சேர்த்தி வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தாய்ப்பால்ல ஏது கசப்பு?"

மாஸ்டர் தன் தாளைப் பார்த்தார்.

"நாலு போட்டிருக்கீங்களே. தொண்டையில நின்னு பேசுச்சுன்னு சொன்னீங்களே. யார் பேசினது?"

கரகரப்புக்குச் சிரிப்பு பீறிட்டது. இருமல் மாதிரி ஆக்கப் பார்த்தான், முடியவில்லை. மாஸ்டர் முகம் சிவப்பு விளக்கிலும் சிவந்தது. நாற்பது வருஷமாகச் சோறு போட்ட தொண்டை, பச்சைப்பிள்ளை பாலில் போய் அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரித்தார். அவர் நல்ல மனுஷர்தான், பிடிவாதம் மட்டும் கொஞ்சம் கூட.

"துப்பு" என்றார். "அவன் பால் மறக்கிற வரைக்கும் துப்பிக்கிட்டே உட்காரு. நாற்காலி உன்னுது. ஆனா இந்தக் கதை இந்த நாலு சுவரைத் தாண்டக்கூடாது."

"நான் தாண்ட மாட்டேன் மாஸ்டர். ஆனா பிள்ளைக்கு மத்தியானம் என்ன குடுக்கிறது? நாலு பேர் குவளையில ஊத்தியாச்சு. ஒரு சொட்டு மிச்சமில்லை."

மாஸ்டர் தலையில் கை வைத்தார். சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரியைத் தானே ஓடிப்போய் நிறுத்தினார். பீர்ப் பெட்டிகளுக்கு முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் அவளை ஏற்றி, "நேரா இந்தம்மா வீட்டுக்கு. அப்புறம்தான் கடைக்கு" என்றார்.

நாலு வீட்டுச் சன்னல் திறக்க, லாரி தெருவுக்குள் நுழைந்து நின்றது. மாமியார் வீறிடுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மருமகள் பீர் லாரியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் அவள் குரல் மூன்றாவது வீடு வரை போனது.

"அடியே! நான் ஒரு பாட்டில் குடுத்தப்ப அந்தப் பேச்சுப் பேசினியே! இப்ப லாரியில கொண்டாந்து இறக்குற அளவுக்குக் குடிச்சியா?"

"நான் குடிக்கல அத்தை. மத்தவங்க மூணு பேரும் குடிச்சுட்டாங்க. அதான் நேர்லயே வந்துட்டேன்."

"எதை?"

அவள் பிள்ளையை வாங்கி, உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சட்டையை விலக்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். பிள்ளை கவ்வியதும் வீறல் நின்றது. மாமியார் வாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் சீ என்றாள். அப்புறம் தெருக்கதவைச் சாத்தினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரகசியமாகக் கேட்டாள்.

"எப்படி இருந்துச்சாம்?"

"மாஸ்டர் ஒன்பது போட்டாரு."

மாமியார் பேரனின் காலைத் தடவிக்கொண்டே உதட்டைப் பிதுக்கினாள்.

"கருமி. பத்தே போட்டிருக்கலாம்."