இரண்டாவது தம்ளர்

அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அவளைப் பேயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேய்ப்பட ட்ரெய்லர்களுக்கு இசையும் சத்தமும் தேர்ந்தெடுத்துக் கோப்பது அவள் தொழில். பார்சல் கொண்டுவரும் கூரியர்காரருக்குக்கூட அவளுடைய சொந்தப் பெயர் பழக்கமில்லை. "பேயக்கா, கையெழுத்து!" என்று மாடிப்படியில் பாதியிலேயே குரல் கொடுப்பார். பதிலுக்கு உள்ளேயிருந்து யாராவது அலறினால் ஆள் வேலையில் இருக்கிறாள் என்று அர்த்தம். பார்சலை வாசலில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார்.

பகலெல்லாம் அலறல் கேட்கும் தொழிலுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? பல வீட்டுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். இந்தக் கட்டடத்துக்காரர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "முன்னாடி இந்த ரூம்ல பாட்டு வாத்தியார் இருந்தாரும்மா. அவர்கிட்ட படிச்ச பிள்ளைங்களைவிட உங்க பேய் சுருதியாத்தான் கத்தும். வந்துக்கோங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பாள்.

அறை ஒன்றுதான். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் பேயக்காவின் கம்ப்யூட்டரும் இரண்டு ஸ்பீக்கரும், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் சாத்திய பழைய மெத்தைகளும். அந்தப் பக்கம் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை, பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருப்பாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் தொழில் நடத்தப் போகிறார்கள் என்றதும் உறவுக்காரர்கள் சண்டைக்கு நாள் குறித்தார்கள். சண்டையும் வராமலில்லை. மின்விசிறி யார் பக்கம் திரும்புவது என்பதில் மட்டும் இன்றுவரை சமாதானம் கிடையாது.

பேயக்காவின் வேலை முறையில் ஒரு ரகசியம் இருந்தது. ட்ரெய்லரைக் கோத்து முடித்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் ஓடவிடுவாள். காது தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும். தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் மெஷின் சட்டென்று நிற்கிறதோ, அங்கே சத்தம் வேலை செய்துவிட்டது, நாத்தனார் பயந்துவிட்டாள் என்று கணக்கு. நிற்காத இடமெல்லாம் மறுபடி பட்டறைக்குப் போகும். இதை நாத்தனாரிடம் அவள் மூச்சுவிட்டதில்லை. தெரிந்தால் மெஷினை மிதிக்கும் அந்தக் கால் இயல்பாக ஓடாது, நிற்காது என்று பயம்.

அன்றைக்குக் காலையிலிருந்து மெஷின் நிற்கவே இல்லை.

ட்ரெய்லர் ஒரு புது இயக்குநருடையது. தனி வீட்டுக்குத் தனியாகக் குடிவரும் ஒரு பெண்ணின் கதை. கடைசிக் காட்சியில் அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கதவைப் பார்ப்பாள். இயக்குநர் தம்பிக்குப் படபடப்பு. "அக்கா, இன்னும் கொஞ்சம் டிரம்ஸ். அக்கா, இங்க ஒரு அலறல். அக்கா, வயலின் கீச்சுன்னு கிழிக்கணும்" என்று போனிலேயே குடியிருந்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தயாரிப்பாளரே நேரில் வருகிறார். பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால் வேலை பெரிய ஸ்டூடியோவுக்குப் போய்விடும்.

அந்தப் பெரிய ஸ்டூடியோவில்தான் பேயக்கா பல வருஷம் உதவியாளராக இருந்தாள். அடுத்தவர் கேட்ட இடியையும் மழையையும் தேடி எடுத்துக் கொடுத்தாள். எதை வைப்பது என்று ஒருநாளும் யாரும் அவளைக் கேட்டதில்லை. தனியாக வந்தபின் தானே தேர்ந்தெடுத்துக் கோத்தவற்றில், தயாரிப்பாளரே நேரில் வந்து பார்க்கும் முதல் ட்ரெய்லர் இது. கைநழுவி அங்கேயே போய்ச் சேர்ந்தால் அவள் மறுபடி எந்த முகத்தோடு மெத்தைகளுக்கு நடுவே உட்காருவாள்?

டிரம்ஸை ஏற்றிப் பார்த்தாள். அலறலை மாற்றிப் பார்த்தாள். கதவு கிறீச்சிட்டது, நாய் ஊளையிட்டது, வயலின் கிழிந்தது. அந்தப் பக்கம் சீருடைக் காலர்கள் மட்டும் நிம்மதியாகத் தயாராகிக்கொண்டிருந்தன.

பொறுக்க முடியாமல் தடுப்பைச் சுற்றிப் போய் நின்றாள்.

"ஏன்டி, இன்னைக்கு உனக்குப் பயமே வரலையா?"

நாத்தனார் நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாள். "பயமா? எனக்கா? எங்க அண்ணன் குறட்டையைப் பக்கத்து ரூம்ல கேட்டு வளர்ந்தவ நான். உங்க பேய் எல்லாம் எனக்கு எம்மாத்திரம்?"

"அப்போ தினமும் மெஷினை எதுக்கு நிறுத்துவே?"

"அட, அதைப் பார்த்துக்கிட்டா இருந்தீங்க?" நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்து என்ன ஆகுதுன்னு கேக்கத்தான் அண்ணி நிறுத்துவேன். இந்த மெஷின் ஓடினா ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

"இன்னைக்கு?"

"இன்னைக்குக் கேக்க என்ன இருக்கு? கதவு திறக்குது, உடனே ஒருத்தி கத்துறா. நாய் ஊளையிடுது, மறுபடி கத்துறா. எல்லாக் கத்தலையும் நீங்களே கத்திட்டா நான் எதுக்குக் கத்தணும்?"

பேயக்கா அங்கேயே துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளாகப் பயத்தை அளக்கிறோம் என்று நினைத்து ஆவலை அளந்திருக்கிறாள். கருவி சரிதான், அளவைத்தான் தப்பாகப் படித்திருக்கிறாள். அவமானமாக இருந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

"வா, மைக் முன்னாடி வந்து தண்ணி குடி" என்றாள்.

"எதுக்கு?"

"அந்தப் பொண்ணு ராத்திரி எழுந்து உட்காருறா. பக்கத்து ரூம்ல யாரோ தண்ணி குடிக்கிறாங்க. அவ்வளவுதான். கத்தலே வேணாம்."

ஜன்னலைச் சாத்தினார்கள். சண்டைக்காரியான மின்விசிறியை நிறுத்தினார்கள். பிளாஸ்டிக் தம்ளர் பொம்மைச் சத்தம் போட்டது. எவர்சில்வர் கணீரென்று கேண்டீனை ஞாபகப்படுத்தியது. கனமான கண்ணாடித் தம்ளரைத் துணி வெட்டும் மர மேஜையில் வைத்தபோதுதான் சரியாக வந்தது. நாத்தனார் குடித்தாள், விக்கினாள், சிரித்தாள், மறுபடி குடித்தாள். "வயிறு குடமாயிடுச்சு. இனிமே பேயே வந்து குடிக்கட்டும்" என்று கையை உதறிவிட்டுக் கடைசியாக ஒரு தம்ளர் குடித்து வைத்தாள். பேயக்காவுக்கும் தாகம். கையிலிருந்த தம்ளரில் சத்தமில்லாமல் ஒரு வாய் குடித்து மேஜையில் வைத்தபிறகுதான் பதிவை நிறுத்தினாள்.

போட்டுக் கேட்டார்கள். மடக் மடக்கென்று தண்ணீர் இறங்கும் சத்தம். தம்ளர் மேஜையில் அமரும் சத்தம். சின்ன இடைவெளி. அப்புறம் இன்னொரு தம்ளர் அமரும் சத்தம்.

நாத்தனார் பேயக்காவின் முழங்கையைப் பிடித்தாள். "ரெண்டாவது யாரு?"

"நான்தான்டி. நிறுத்த மறந்துட்டேன்."

"தெரியும். தெரிஞ்சும் கேக்கத் தோணுதே!"

டிரம்ஸ் போனது. வயலினும் நாயும் போயின. அடியில் ஒரு மெல்லிய ரீங்காரத்தை மட்டும் விட்டு, முதல் தம்ளர் அமரும்போது அதையும் அறுத்தாள். இரண்டாவது தம்ளர் அமர்ந்ததும் திரை இருண்டது. படத்தின் பெயர்கூடச் சத்தமில்லாமல்தான் வந்தது.

ஐந்து மணிக்குத் தயாரிப்பாளர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பின்னாலேயே இயக்குநர் தம்பி, முகம் வெளுத்துப் போய். டிரம்ஸ் இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் போனில் சொல்லியிருந்தாள். "அக்கா, கவுத்துட்டீங்களே" என்று காதோரம் முனகினான்.

ட்ரெய்லர் ஓடி முடிந்தது. தயாரிப்பாளர் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய ஸ்டூடியோவின் வாசல் மணி ஒரு நொடி பேயக்காவின் காதில் கேட்டது.

"ஏம்ப்பா," அவர் இயக்குநரிடம் திரும்பினார். "அந்த ரெண்டாவது தம்ளர் யாருது?"

தம்பி பேயக்காவைப் பார்த்தான். அவன் எடுத்த படத்தில் தம்ளரே கிடையாது. "அது... படத்துல பார்த்தாத்தான் சார் தெரியும்."

"பார்றா! எங்கிட்டயே மறைக்கிற. இதேதான் வெளியே போகணும். ஒரு சத்தம் மாத்தக் கூடாது. அடுத்த படத்துக்கும் இந்தம்மாவையே கூப்பிடு." எழுந்தவர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து பேயக்காவிடம் தணிந்த குரலில் கேட்டார். "உங்களுக்காவது தெரியுமாம்மா?"

"தெரியாது சார்" என்றாள் அவள், முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

அவர் இறங்கிய பிறகு இயக்குநர் தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்தான். "உயிரைக் காப்பாத்திட்டீங்கக்கா. ஆனா இப்ப நான் தம்ளர் சீன் எடுத்தாகணுமே! யார் குடிக்கிறதுன்னு யோசிச்சே எனக்குத் தூக்கம் போயிடும்." இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு, படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். நாளைக்குள் யாரைத் தண்ணீர் குடிக்க வைப்பது என்று இப்போதே போனில் கத்திக்கொண்டு போனான்.

அறை அமைதியானது. பேயக்கா தடுப்பைச் சுற்றி வந்தாள். தண்ணீர் குடித்தே நாத்தனாரின் மத்தியானம் போயிருந்தது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய சட்டைகள் பொத்தான் இல்லாமல் குவிந்து கிடந்தன. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். வீட்டு மனுஷியிடம் நன்றி என்று சொல்ல நாக்கு எப்படிப் புரளும்? ஊசியில் நூலைக் கோத்து ஒரு சட்டையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாத்தனார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாவது பொத்தானும் சட்டையின் உள்பக்கமே வந்து உட்கார்ந்ததும் ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணி, நன்றி சொல்லணும்னா வாயால சொல்லிட்டுப் போங்க. பிள்ளைங்க சட்டையைக் கெடுக்காதீங்க."