இளவரசரின் மண்டபத்தில் ஓமம்

ஜெர்மன் சட்டப்படி இந்த நாட்டில் இளவரசர் என்று எவரும் இல்லை. முடியாட்சி போனபிறகு அந்தச் சொல் சில குடும்பங்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டு மிஞ்சியது, அவ்வளவுதான். நாங்கள் சந்தித்தவரும் அப்படி ஒருவர். ஆஹெனுக்கும் டுசல்டோர்ஃபுக்கும் இடையில், கோதுமை வயல்களின் நடுவே அவருடைய குடும்பத்துச் சிறிய கோட்டை இருந்தது. அதன் பெரிய மண்டபத்தைக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். என் மகள் அதைப் பார்த்த அன்றே வேறு மண்டபம் பார்க்க மறுத்துவிட்டாள்.

மண்டபத்துக்குள் திறந்த நெருப்பு கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நானும் மனைவியும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டோம். இறைச்சி வாட்டும் அடுப்பைச் சொல்கிறார்கள் என்று நினைத்தோம். மணவறை எவ்வளவு உயரம் வரலாம், நாதஸ்வரம் வாசிக்கலாமா, கார்களை எங்கே விடுவது என்றெல்லாம் கேட்ட எங்களுக்கு ஓமத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. ஐயருக்கு முன்னால் எரிவதை நாங்கள் நெருப்பு என்று நினைத்ததே இல்லை. கலியாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கையில் மணவறைக்கு இடம் அளக்க வந்த நிர்வாகிப் பெண், எங்கள் வரைபடத்தின் நடுவில் இருந்த சிறு சதுரம் என்ன என்று கேட்டாள். சொன்னோம். நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். முடியாது என்பதை அவள் அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

"என்னப்பா, யாழ்ப்பாணத்திலை பேப்பரிலை வேலை செய்த ஆள் நீங்கள். ஒரு வரியை ஒழுங்கா வாசிக்க ஏலாதோ?" என்றாள் மனைவி காரில்.

"நீரும்தானே வாசிச்சனீர்."

"நான் கையெழுத்து எங்கை போடுறதெண்டுதான் பாத்தனான்."

மாப்பிள்ளையின் தாய் அன்று மாலையே தொலைபேசியில் வந்தார். "நெருப்பில்லாமல் ஒரு கலியாணமோ? அதுக்குப் பதிவுக் கந்தோரிலை பதிஞ்சது காணுமே. என்ரை சனம் கனடாவிலையிருந்து வர ரிக்கெற் எடுத்திட்டுது. மண்டபத்தை மாத்துங்கோ, இல்லாட்டி நெருப்புக்கு வழி பாருங்கோ."

அந்தக் கோடையில் வேறு மண்டபம் கிடையாது. கோட்டைக்காரரை நேரில் கேட்பது ஒன்றே மிச்சம்.

எண்பதைத் தாண்டியவர். முழங்கையில் தோல் வைத்துத் தைத்த கம்பளிச் சட்டையோடு சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எங்களை எதிரே உட்காரச் சொல்லிவிட்டு உரிப்பதைத் தொடர்ந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் கத்தியை வைத்தார்.

"இந்த வீட்டின் பாதிக் கூரை போரில் எரிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்" என்றார்.

பழைய தொழில்பழக்கத்தில், எப்படி என்று கேட்டேன்.

இரண்டாம் உலகப்போரில், பத்தொன்பது வயதில், அவரைப் பீரங்கிப் படையில் சேர்த்தார்கள். சிறிது காலத்தில், முன்பு ஆண்ட குடும்பங்களின் பிள்ளைகளை முன்னரங்கிலிருந்து விலக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இளவரசர்கள் செத்தால் மக்கள் அவர்களுக்காக அழுவார்கள், அது அன்றைய ஆட்சிக்குப் பிடிக்கவில்லை. அவர் உயிரோடு வீடு திரும்பினார். கிராமத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பையன் ரஷ்யாவில் இருந்தான். இவர் பால் வண்டி ஓட்டினார். "மாட்சிமை தங்கிய பால்காரர்" என்று பெண்கள் அவருக்குக் கேட்கும்படியே பேசினார்கள். ரோஜாத் தோட்டத்தைக் கிளறிக் கிழங்கு நட்டார். குண்டு விழுந்த நகரங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்கு மேல்மாடி அறைகளைக் கொடுத்தார். ஒரு மத்தியானம் கூரையில் எரிகுண்டுகள் விழுந்தன.

"மண்டபத்தை நீங்கள் காப்பாற்றியதாக வாசலில் உள்ள பலகை சொல்கிறதே" என்றேன்.

"பலகையை என் மைத்துனர் எழுதினார்."

"உங்கள் பண்ணையில் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் இருந்தார்களா?"

மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். காரியம் ஆக வந்த இடத்தில் கேட்கும் கேள்வி அல்ல அது. அவர் உரித்த கிழங்குகளை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"இருந்தார்கள். போலந்துக்காரர்கள். கூரையில் ஏறியவர்கள் அவர்கள்தான். நான் ஏணியின் அடியில் நின்று மணல் வாளி எடுத்துக் கொடுத்தேன். நன்றாகவே கொடுத்தேன். ஆனால் அடியில்தான் நின்றேன். இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை."

பிறகு கேள்வி கேட்பது அவருடைய முறையாயிற்று. என்ன விறகு? எவ்வளவு நெய்? எத்தனை அடி எழும்பும்? எனக்குத் தெரியவில்லை. ஐயரைக் கொண்டுவந்து முற்றத்தில் எரித்துக் காட்டச் சொன்னார்.

ஐயர் வாரநாட்களில் பொதி வாகனம் ஓட்டுபவர். அடுத்த சனிக்கிழமை அதே வாகனத்தில் ஓமகுண்டத்தோடு வந்து இறங்கினார். நெய்யைச் சிறிய கரண்டியால் ஊற்றும்படி கேட்டேன்.

"நெய்யைக் குறைச்சால் அக்கினி பகவான் கோவிப்பார் எண்டு சொல்லுங்கோ அவருக்கு."

ஜெர்மனில் சொன்னேன்.

"அவரை எனக்குத் தெரியும். பழகியிருக்கிறேன்" என்றார் இளவரசர்.

இருவரும் குண்டத்தின் பக்கத்தில் குந்தி, கைச்சைகையாலேயே கரண்டியின் அளவைப் பேசி முடித்தார்கள். கடைசியில் அனுமதி வந்தது. நிபந்தனை இரண்டு: நெருப்பு எரியும்வரை அவர் பக்கத்தில் நிற்பார், சடங்கு முடிந்ததும் மணல் போட்டு மூடுவார். இரண்டாவதைக் கேட்டு ஐயர் முகம் சுளித்தார். "மூடுறது நல்லதில்லை அண்ணை. தானா அடங்கவேணும்." எரியட்டும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றேன்.

கலியாண நாளில் மாப்பிள்ளை வீட்டார் இளவரசரைப் பார்க்க வாசலிலேயே கூடி நின்றார்கள். கிராமத்துத் தொண்டர் தீயணைப்புப் படையின் கருநீலச் சீருடையில் ஒரு கிழவர் உள்ளே வந்து மணவறைக்கு இரண்டடி தள்ளி நின்றார். போர் முடிந்த ஆண்டே அந்தப் படையில் சேர்ந்தவர். தானாக விரும்பி உடுத்திய ஒரே சீருடை அதுதான் என்று என்னிடம் சொன்னார்.

"எங்கை உங்கடை இளவரசர்?" என்றார் சம்பந்தி அம்மா.

காட்டினேன்.

"விசர்க்கதை. அது நெருப்பணைக்கிற ஆளெல்லோ."

"ஓம். அவர்தான்."

ஐயர் நெய் வார்த்தார். நெருப்பு பிடித்தது. முதலில் சாதுவாக, பிறகு முழங்கால் உயரத்துக்கு. மண்டபம் முழுக்க ஒரு கணம் தலைகள் விட்டத்துக்குத் திரும்பின. இளவரசரின் கை மணல் வாளியின் பிடியில் இருந்தது. ஐயர் கரண்டியை உயர்த்தியபடியே அவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். ஐயர் ஊற்றினார், முற்றத்தில் பேசிய அளவை விடச் சற்றுக் கூடவே. மேளம் கெட்டிமேளத்துக்கு மாறியது, தாலி ஏறியது, சனம் அறுகரிசியை வாரி எறிந்தது. மகளும் மருமகனும் கைகோத்து நெருப்பை மூன்று தரம் சுற்றி வந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இளவரசர் ஒரு காலடி பின்வாங்கி வழிவிட்டு, மறுபடி தன் இடத்துக்கு வந்தார். அவருடைய தோள்பட்டை முழுக்க மஞ்சள் அரிசி.

எல்லோரும் சாப்பாட்டுக்கு எழும்பிய பிறகு ஐயர் குண்டத்தின் அருகே தயங்கி நின்றார். நானும் நின்றேன். இளவரசர் குனிந்து தணலைப் பார்த்தார். வாளியைக் காலால் மணவறைக்குக் கீழே தள்ளினார்.

"தானாக அடங்கட்டும்" என்றார். "எனக்கு ஒரு நாற்காலி. சாப்பாடும் இங்கேயே வரட்டும்."

சம்பந்தி அம்மாவே வாழையிலையைக் கொண்டுவந்து போட்டு, அவருக்குச் சோறு பரிமாறினார்.