புட்டு உண்டா?

குன்னத்துகால் பக்கம் ஒரு சாயாக்கடை. கடைக்காரர் ஒட்டிய கன்னமும் சந்தனக் கீற்றுமாக நிற்பார். எது கேட்டாலும் "உண்டு" என்பார். சொன்ன கையோடு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, ஆளில்லாத மேசையைத் துடைக்கப் போய்விடுவார்.

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் இருபது வருடமாகச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்கிறவன் நான். ஒரு நாள் காலையில் நல்ல பசியோடு நுழைந்து, "புட்டு உண்டா?" என்று கேட்டேன்.

"உண்டு."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் தின்று கை கழுவிப் போனார்கள்.

"ஓய், என் புட்டு எங்க?" என்று கத்தினேன்.

அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "சாரு உண்டான்னுதானே கேட்டிய? வேணும்னு சொல்லேல்லயே!"

கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டதால் வெறும் வயிற்றோடு எழுந்தேன்.

மறுநாள் தயாராகப் போனேன். "புட்டு வேணும். கடலையும் வேணும். இப்பமே வேணும்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "புட்டு தீந்து போச்சே சாரே. உண்டான்னு மொதல்ல கேக்கண்டாமா?"

இந்த மனிதர் என்றாவது எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்தால் வாய்தா வாங்கிவிடுவது என்று அப்போதே தீர்மானித்தேன். ஆனால் பாலில்லாத கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு இறங்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நாளைக்குப் புட்டு உண்டா?"

"உண்டு" என்றார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.